பார்டர் புரோட்டாவா, பக்கெட் சிக்கனா? செங்கோட்டைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால், பக்கத்தில் செங்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் போன் அடிப்பது நிற்காது. அத்தை மகன் குடும்பம் சென்னையிலிருந்து வரும், பழைய ஆபீஸ் நண்பர்கள் கோயம்புத்தூரிலிருந்து வருவார்கள். அருவியில் தண்ணீர் எப்படி என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை எல்லாம் சாப்பாடுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். இனிமேல் யார் கேட்டாலும் இதை அனுப்பிவிடலாம்.

பார்டர் கடை, பார்டர் கடை என்கிறார்களே, அங்கே எந்த பார்டரையும் காணோமே?

காண முடியாது. பார்டர் அங்கிருந்து போய் எழுபது வருஷம் ஆகப்போகிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அப்போது சென்னை மாநிலத்தின் எல்லை தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, பிரானூர் பக்கம் முடிந்தது. மாநிலங்களைப் பிரித்து அடுக்கியபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது, எல்லை மேற்கே மலைக்கு ஏறிப் புளியரையைத் தாண்டிக் கோட்டைவாசலில் போய் உட்கார்ந்தது. பிரானூருக்குப் பெயர் மட்டும் மிச்சம். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறி 'பார்டர்' என்று கேட்டால் கண்டக்டர் பிரானூருக்குத்தான் டிக்கெட் கொடுப்பார்.

அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது புரோட்டா. ரஹ்மத் புரோட்டா ஸ்டால் பேர் வாங்கிய பிறகு, மலையே இல்லாத ஊர்களில்கூட 'பார்டர்' என்று போர்டு தொங்குகிறது.

அந்தப் புரோட்டாவில் அப்படி என்ன இருக்கிறது?

அளவு சிறிசு. அதுதான் முதல் சங்கதி. கேரளத்துப் பொரோட்டா உள்ளங்கையை மறைக்கிற அகலம், தடிமன், அடுக்கடுக்காகப் பிரிந்து வரும். இரண்டு சாப்பிட்டால் போதும். விருதுநகர்ப் புரோட்டா எண்ணெயில் முக்கிப் பொரித்தது, கடித்தால் நொறுங்கும். எங்கள் பக்கத்துப் புரோட்டா இந்த இரண்டுக்கும் நடுவே: மெலிசு, மெது, ஓரம் மட்டும் லேசாக மொறுமொறு. இலையில் போட்டுப் பிய்த்து, சால்னாவை மேலே ஊற்றி ஊறவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். எத்தனை என்று எண்ணுகிற வழக்கம் இல்லை. பக்கத்தில் இருக்கிறவர் எண்ணுவார், அது வேறு.

உண்மையில் புரோட்டா ஒரு சாக்கு. கூட்டம் வருவது கோழிக்கு. நாட்டுக்கோழி, காடை, பெப்பர் சிக்கன் என்று கேட்டு வாங்குவார்கள். குருமிளகு மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு, சால்னா இந்தப் பக்கத்துக் கை. மலையிலிருந்து இறங்கும் லாரிக்காரரும் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரும் குடும்பமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்று தின்று உண்டான ருசி அது.

எங்கள் ஊரிலேயே கிளை இருக்கிறதே. இதற்காக அறுநூறு கிலோமீட்டர் வர வேண்டுமா?

வர வேண்டாம். ஆனால் எந்தச் செயின் கடைக்குப் போனாலும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது இதுவரை பொய்த்ததில்லை. கடை ஒற்றைக் கடையாக இருந்தபோது, பிறந்த ஊரில் எதைச் சமைத்துப் பேர் வாங்கியதோ, அதைக் கேளுங்கள். கிளை விரிந்த பிறகு மெனுவில் சேர்த்ததைக் கேட்காதீர்கள். பிரியாணிக் கடையில் நூடுல்ஸ், பொரித்த கோழிக் கடையில் பிரியாணி, டிபன் கடையில் பீட்சா இதெல்லாம் 'எல்லாரும் கேட்கிறார்கள்' என்று சேர்த்தவை. சமைக்கிறவருக்கே அதில் ஆசை இருக்காது.

ஒரு முறை திருநெல்வேலியில் பொரித்த கோழிக்குப் பேர்போன செயின் ஒன்றில் சோறும் குழம்பும் சேர்ந்த ஒரு கிண்ணம் வாங்கினேன். கோழி சரியாகத்தான் இருந்தது. சோற்றைப் பார்த்தால் யாரோ கோபித்துக்கொண்டு வடித்த மாதிரி இருந்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை, சோற்றுக்கு அங்கே போன என் மேல்.

கே.எஃப்.சி.யும் சிக்கிங்கும் ஒன்றுதானா?

பார்வைக்கு ஒன்று, கதை வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த சமாசாரம்.

கே.எஃப்.சி.யின் தாத்தா சாண்டர்ஸ், அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக் கார்பின் என்ற ஊரில் நெடுஞ்சாலையோரம் பெட்ரோல் பங்க்கில் 1930-இல் சாப்பாடு போட ஆரம்பித்தவர். நம் பிரானூர்க் கதை போலவே வண்டிக்காரர்களை நம்பிய கடை. இரும்புச் சட்டியில் கோழி வேக அரை மணி நேரம் ஆனது, வண்டிக்காரர் அவ்வளவு நேரம் காத்திருப்பாரா? 1939 வாக்கில் பிரஷர் குக்கரை எண்ணெய்ப் பொரியலுக்குப் பழக்கினார். ஆவி வெளியே போகாததால் உள்ளே ஈரம் நிற்கும், மேலே மொறுமொறுக்கும், நேரமும் மிச்சம். அந்த 11 மசாலா ரகசியத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் ரகசியம் பாதி அந்த மூடியில்தான் இருந்தது. முதல் உரிமக் கடை 1952-இல் திறந்தது கென்டக்கியில் அல்ல, யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில். சொந்த ஊர்ப் பெயரை வேற்றூரில் மாட்டினால்தான் விலை போகும் என்பதை நம் 'பார்டர்' போர்டுக்காரர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தியாவுக்கு 1995-இல் பெங்களூர் வழியாக வந்தது.

சிக்கிங் துபாயில் பிறந்தது, 2000-இல், ஒரு மலையாளியின் கையால். பிறகு கேரளத்துக்குத் திரும்பி வந்தது. வளைகுடாவில் பொரித்த கோழிக்கு 'ப்ரோஸ்ட்' என்று பெயர். அதுவும் அமெரிக்காவில் 1950-களில் வந்த ஒரு பிரஷர் பொரியல் யந்திரத்தின் பெயர்தான், பிறகு கோழிக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. ப்ரோஸ்டுக்குப் பூண்டுச் சாஸும் குபூஸ் என்கிற அரபு ரொட்டியும் கூட வேண்டும். கேரளத்தில் ஒவ்வொரு சின்ன டவுனிலும் பிராய்டு சிக்கன் போர்டு தெரிவதற்கு அமெரிக்கா நேர்க் காரணம் இல்லை, கல்ஃப் காரணம்.

இந்த வகையில் மூத்தவர் யார் என்று சவுதியில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஜித்தாவில் 1974-இல் தொடங்கிய அல்பைக் பெயரைச் சொல்லும்போதே முகம் மாறும். உம்ரா முடித்து வருகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீர், பேரீச்சம்பழத்தோடு அல்பைக் பெட்டியையும் கையில் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவது உண்டு. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படி வந்த கோழியை நானும் ஒரு துண்டு சாப்பிட்டிருக்கிறேன். ஆறிப்போய், அரை நாள் பழசாகி, தோசைக்கல்லில் சுட வைத்தது. அப்படியும் பூண்டு மணம் போகவில்லை.

சரி, எதை வாங்குவது? காரம் வேண்டுமென்றால் கே.எஃப்.சி.யில் ஹாட் அண்ட் கிரிஸ்பி, எலும்போடு. பூண்டுச் சாஸ் பைத்தியம் என்றால் சிக்கிங் மாதிரிக் கடைகள்.

மெக்டொனால்ட்ஸில் நம் நாட்டுக்கென்று என்ன இருக்கிறது?

ஆலு டிக்கி. உருளைக்கிழங்கு வடையை பன்னுக்குள் வைத்தது. 1996-இல் டெல்லியில் கடை திறந்தபோதே மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கிடையாது என்று முடிவு செய்து, சைவத்துக்குத் தனிச் சமையலிடமும் வைத்தார்கள். உலகம் பூராவும் மாட்டுக்கறிக்குப் பேர்போன கடை இங்கே உருளைக்கிழங்குக்குப் பேர் வாங்கியது. மேலே சொன்ன என் கணக்கு இங்கே இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கணக்கு தப்பிய ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவேளை உருளைக்கிழங்கு வறுவல் அவர்களுக்கு முதலிலிருந்தே கைவந்தது என்பதால் இருக்கலாம்.

பீட்சா?

பிள்ளைகளைக் கேளுங்கள். எனக்கு வெங்காய ஊத்தப்பம் போதும்.

இந்தியன் காபி ஹவுஸையும் செயின் கணக்கில் சேர்க்கலாமா? பழைய கட்டடமாக இருக்கிறதே.

சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்! கேரளத்துக்குள் போகிறவர்கள் தவறவிடவே கூடாத செயின் அதுதான். முதலாளி இல்லாத செயின். காபி வாரியம் நடத்திய கடைகளை 1950-களின் கடைசியில் மூடி, வேலைக்காரர்களை வெளியே அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று அவர்களையே கூட்டுறவுச் சங்கமாகச் சேரச் சொன்னார். கேரளத்தில் முதல் கடை 1958-இல் திருச்சூரில் திறந்தது. பரிமாறுகிறவர்தான் பங்காளி. அதனால்தானோ என்னவோ அவசரமே படமாட்டார்கள்.

வெள்ளை உடுப்பு, தலையில் விசிறி மடிப்புத் தலைப்பாகை. திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பது லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது: செங்கல் கோபுரம், உள்ளே படியே இல்லாமல் சுழன்று சுழன்று ஏறும் சரிவு, அந்தச் சரிவிலேயே மேசைகள். ரயிலுக்கு நேரம் இருந்தால் மேலே வரை நடந்துவிட்டு வாருங்கள்.

கட்லெட் வாங்குங்கள். வெட்டினால் உள்ளே சிவப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம், பீட்ரூட். மசால் தோசைக்குள்ளும் பீட்ரூட்தான். நம் ஊர் மஞ்சள் மசாலை எதிர்பார்த்துப் போனவர்கள் முதல் முறை முகம் சுளிப்பார்கள். என் அத்தை மகன் 'தோசைக்கு என்னமோ அடிபட்டிருக்கு' என்றான். மூன்றாவது முறை போனபோது அவனே கேட்டு வாங்கினான்.

தலப்பாக்கட்டி பிரியாணியா, மலபார் பிரியாணியா?

இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பெயர் ஒன்று, சமையல் வேறு. திண்டுக்கல்லில் 1957-இல் தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு தொடங்கிய கடை சீரகச் சம்பா அரிசியில் நிற்கிறது. அரிசியே மசாலாச் சாற்றைக் குடித்து வேகும், ஒவ்வொரு பருக்கையிலும் கறி வாசம் இருக்கும். கூடத் தயிர் வெங்காயமும் தால்ச்சாவும். (காபி ஹவுஸிலும் தலைப்பாகை, இங்கேயும் தலைப்பாகை. தலையில் துணி கட்டியவர் கை ருசி பற்றி யாராவது ஆராய்ந்தால் நல்லது.)

மலபார்ப் பக்கம் கைமா என்கிற பொடி அரிசி. மசாலாவைத் தனியாக, சோற்றைத் தனியாகச் செய்து அடுக்கித் தம் போடுவார்கள். சோறு வெள்ளையாக, நெய் மணத்தோடு இருக்கும், காரம் அடியில் ஒளிந்திருக்கும். கூடப் பேரீச்சம்பழ ஊறுகாய், தேங்காய்த் துவையல், பப்படம். நம் ஆட்கள் மேலாகச் சாப்பிட்டுவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்பார்கள். அடி வரை கையை விடுங்கள், அப்புறம் பேசலாம். கோழிக்கோட்டில் 1939-இலிருந்து இருக்கும் பாரகன் இந்த வகையில் பேர்போனது.

காரத்துக்குத் திண்டுக்கல், மணத்துக்குக் கோழிக்கோடு. எனக்கு? சீரகச் சம்பாதான். நான் இந்தப் பக்கத்து ஆள்.

குழிமந்தி, அல்ஃபாம் என்று மலையேறியதும் போர்டு போர்டாக இருக்கிறதே, அது என்ன?

மந்தி யேமன் நாட்டுச் சமையல். தரையில் குழி வெட்டி, தணலின் மேல் அரிசியும் கறியும் வைத்து மூடி வேக வைப்பது. 'ஃபஹ்ம்' என்றால் அரபியில் கரி. கரியில் சுட்ட கோழி அல்ஃபாம். இரண்டும் காரமில்லாதவை. நம் நாக்குக்குத் தக்காளிச் சட்னி இல்லாமல் இறங்காது. நாலு பேர் சேர்ந்து ஒரே தாம்பாளத்தில் உட்கார்ந்தால்தான் மந்திக்கு மரியாதை, ஒற்றை ஆளாய்ப் போனால் புரோட்டா கடைக்கே போய்விடுங்கள்.

ஷவர்மா சாப்பிடலாமா? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. சில வருஷங்களுக்கு முன்னால், எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, ராத்திரி பத்தரைக்கு ஒரு ஷவர்மா வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை சாப்பிட்டேன். அந்த வாரம் எனக்கு வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. கடைக்காரர் மேல் பாதித் தப்பு, மறுநாள் வரை வைத்திருந்த என் மேல் பாதி.

வில்லன் பெரும்பாலும் மயோனைஸ். பச்சை முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடித்தது, வெளியே வைத்தால் சால்மோனெல்லா போன்ற கிருமி பெருகும். கேரள அரசு பச்சை முட்டை மயோனைஸை 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டது. நடுவே இரண்டு வருஷத்துக்கும் மேல், கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் கூடாது, இந்தப் பக்கம் கூடும் என்று ஒரே மயோனைஸ் இரண்டு சட்டத்தில் வாழ்ந்தது. கிருமிக்கு செக்போஸ்ட் தெரியாது.

வாங்குவதானால் கூட்டம் இருக்கிற கடையில், கம்பியில் கறி வேகமாகத் தீர்கிற நேரத்தில், கண்முன் வெட்டியதை வாங்கி அங்கேயே தின்றுவிடுங்கள். பார்சல் வேண்டாம். முட்டை சேர்க்காத மயோனைஸா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

கேரளத்தில் பர்கருக்குத் தனி வரி என்று கேள்விப்பட்டேனே?

இருந்தது, போய்விட்டது. 2016 பட்ஜெட்டில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பிராண்டு ஓட்டல்களின் பர்கர், பீட்சா வகையறாவுக்கு 14.5 சதவீதம் 'கொழுப்பு வரி' போட்டார். பொரோட்டாவும், நேந்திரம்பழத்தில் போடும் பழம்பொரியும் தப்பித்தன, கொழுப்பு அவற்றில் இல்லையென்று யார் சொல்வது? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அது மறைந்தது. இப்போது சாதாரண ஓட்டல்களுக்கு இரண்டு பக்கமும் 5 சதவீதம்தான். அதனால் வரிக்காக மலையேற வேண்டாம்.

மொழி தெரியாமல் எப்படி ஆர்டர் செய்வது?

தமிழே போதும், புனலூர் வரை எல்லாருக்கும் புரியும். ஆனால் நமக்குத் தெரிந்த வார்த்தைகள்தான் கவிழ்க்கும். 'வெள்ளம் வேணோ?' என்றால் தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம், மழையைப் பற்றி இல்லை. 'கறி' என்றால் அங்கே குழம்பு. எங்கள் ஊர்ச் சைவப் பெரியவர் ஒருவர், புட்டுக்கு 'கறி எடுக்கட்டே?' என்று கேட்டவுடன் எழுந்து வெளியே வந்துவிட்டார். அந்தப் பையன் கேட்டது கொண்டைக்கடலைக் குழம்பு, கடலக்கறி. 'ஊணு' என்றால் மதியச் சாப்பாடு.

டம்ளரில் தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்தது, நல்லது.

தட்டுக்கடை என்கிற ரோட்டோரக் கடையில் எதைச் சாப்பிடுவது?

பழம்பொரி. நேந்திரம்பழம் நன்றாகக் கனிந்து, தோல் கறுத்ததில் போட்டதாக இருக்க வேண்டும். நம் வாழைக்காய் பஜ்ஜியை நினைத்துச் சட்னி கேட்காதீர்கள், இனிப்பு அது. மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் பழம்பொரியோடு பீஃப் கேட்பதைப் பார்க்கலாம். கேட்கக் கோணலாக இருக்கும், இனிப்பும் மிளகும் சேரும்போது சரியாகத்தான் இருக்கிறது. பின்னாலேயே ஒரு கட்டன், அதாவது பால் விடாத டீ.

நாங்கள் சைவம். எங்களுக்கு?

மலைக்கு இந்தப் பக்கம் கவலையே இல்லை. அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வழியில் அப்பம், புட்டு, கடலக்கறி, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஒரே அடுப்பு, ஒரே கரண்டி. அது ஒத்துவராது என்றால் 'வெஜிடேரியன்' என்று தனியாகப் போர்டு போட்ட கடையைத் தேடுங்கள், அல்லது செங்கோட்டையிலேயே இட்லி கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

பிள்ளைகள் பக்கெட் சிக்கன்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். என்ன செய்ய?

வாங்கிக் கொடுங்கள். லீவுக்கு வந்த இடத்தில் எதற்குச் சண்டை? நெல்லை வழியாக வருகிறவர்கள் அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். ராத்திரி பிரானூரில் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டால் அவர்களே இறங்கிவிடுவார்கள்.

கொல்லம் போகிறோம். புளியரைக்கு முன்னால் சாப்பிடுவதா, தாண்டிச் சாப்பிடுவதா?

சாயங்காலம் கிளம்பினால் இந்தப் பக்கம் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். மலையில் வளைவு அதிகம், லாரி அதிகம், பசியோடு ஓட்டுவது நல்லதில்லை. அதற்காகப் புரோட்டாவை மூச்சு முட்ட அடுக்கிவிட்டும் ஏறாதீர்கள், வளைவில் அதுவே வேலை காட்டும். காலையில் கிளம்பினால் வெறும் காபியோடு ஏறி, தென்மலையில் புட்டு. திரும்பி வரும்போது எத்தனை மணியானாலும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள், ஆனால் கோட்டைவாசல் வரும்போதே போன் செய்துவிடுங்கள், அப்போதுதான் மாவு கரைக்க நேரம் இருக்கும்.